ஓட்டுக்கும் உங்க எஸ்ஐபிக்கும் என்ன சம்பந்தம்? ராயபுரத்தில் இருந்து ஒரு கணக்கு



ஆஃபீஸ் கேன்டீன்ல இந்தப் பேச்சைக் கேட்காதவங்க இருக்க முடியாது. ஒருத்தர் ஷாங்காய் மெட்ரோ வீடியோவைக் காட்டுவார். "எலெக்‌ஷன் கிடையாது, கோர்ட் கேஸ் கிடையாது, முடிச்சிட்டான் பாருங்க. நம்மூர்ல ஒரு மேம்பாலத்துக்கு எத்தனை வருஷம்?" இன்னொருத்தர் சிங்கப்பூரை இழுப்பார். மூணாவது ஆள், "நல்லவரா ஒருத்தரைப் பார்த்து இருபது வருஷத்துக்கு நாட்டைக் கையில கொடுத்துடணும்பா" என்று முடிப்பார். அதுக்குள்ள டீ ஆறிடும், எல்லாரும் சீட்டுக்குப் போயிடுவாங்க.

பர்சனல் ஃபைனான்ஸ் பக்கத்துல இது எதுக்குன்னு கேட்காதீங்க. உங்க எஸ்ஐபி, பிஎஃப், வீட்டு லோன் எல்லாமே 20, 25 வருஷக் கணக்கு. அந்த 25 வருஷத்துல இந்த நாடு எப்படி நடக்கும்னு நீங்க ஏற்கெனவே ஒரு அனுமானம் வச்சுத்தான் பணத்தைப் போட்டிருக்கீங்க. அந்த அனுமானத்தைத் திறந்து பார்க்கிறதுல தப்பில்ல. பார்க்கிறதுக்கு ஷாங்காய் வரைக்கும் போக வேண்டாம், ராயபுரம் போதும்.

அத்தோ கடையில் தொடங்குவோம்

ராயபுரத்தில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் பீச். வெளியே வந்தால் பர்மா பஜார். அந்தப் பக்கத்துல சாயங்காலம் அத்தோ கடைகள் இருக்கும். நூடுல்ஸ், முட்டைகோஸ், பொரிச்ச பூண்டு, வெங்காயம் எல்லாத்தையும் கையாலேயே பிசைஞ்சு கொடுப்பாங்க, கூடவே சூடா வாழைத்தண்டு சூப். சாப்பிட்டிருப்பீங்க. அந்தச் சாப்பாடு ஏன் இங்க வந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா?

இரண்டாம் உலகப் போருக்கு முன்னாடி உலகத்திலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. வட்டித் தொழில், கடை, துறைமுக வேலை, வயல் வேலை என்று லட்சக்கணக்கான தமிழர்கள் அங்கே பிழைத்தார்கள். 1948ல் சுதந்திரம், அப்புறம் தேர்தல்கள். குழப்பம் நிறைய இருந்தது, உள்நாட்டுச் சண்டையும் இருந்தது. 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். ஒழுங்கு வேணும், ஒரே ஆள் முடிவெடுக்கணும் என்பதுதான் அன்றைக்கும் பேச்சு.

1963ல் வங்கிகள் தேசியமயம். 1964 மார்ச்சில் கடைகள் தேசியமயம். அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதுன்னு அறிவிப்பு. அதுக்கு முழு ஈடு கிடைக்கல. கடையும் போய், கையில இருந்த சேமிப்பும் போய், தமிழ்க் குடும்பங்கள் ரங்கூனில் கப்பல் ஏறின. எடுத்துட்டுப் போகிற பணத்துக்கும் நகைக்கும் கடுமையான கட்டுப்பாடு. கப்பல் வந்து நின்ற இடம் இதே மெட்ராஸ் துறைமுகம். பிழைக்க வழியில்லாம நின்றவங்களுக்காக 1969ல் உருவானதுதான் பர்மா பஜார். வியாசர்பாடி, எண்ணூர் பக்கமெல்லாம் அந்தக் குடும்பங்கள் குடியேறின.

கதை அதோட முடியல. 1987 செப்டம்பரில் அதே நே வின் 25, 35, 75 கியாட் நோட்டுகளை எந்த ஈடும் இல்லாமல் செல்லாததாக்கினார். புதுசா வந்த நோட்டுகள் 45, 90. ஒன்பது அவருக்கு ராசியான எண் என்று பரவலாகச் சொல்வார்கள். காரணம் எதுவோ, கேட்க ஆள் இல்லை. அந்த வருஷக் கடைசியில் ஐ.நா. சபை பர்மாவை 'மிகவும் பின்தங்கிய நாடுகள்' பட்டியலில் சேர்த்தது. உலகத்துக்கே அரிசி அனுப்பின நாடு, 25 வருஷத்துல.

கேன்டீன் பேச்சில் சிங்கப்பூர் பெயர் வருது, பர்மா பெயர் வர்றதில்ல, கவனிச்சீங்களா? நம்ம பாஷையில இதுக்குப் பெயர் சர்வைவர்ஷிப் பயஸ். ஜெயிச்ச பங்கை மட்டும் காட்டி, "இதுல போட்டிருந்தா இன்னைக்குக் கோடீஸ்வரன்" என்று சொல்றவங்க, அதே வருஷம் மூழ்கிப்போன நூறு கம்பெனியைக் காட்ட மாட்டாங்க. ஒரே ஆள் ஆட்சியும் அப்படித்தான். சிங்கப்பூர், தென் கொரியா மாதிரி மல்டிபேக்கர் சிலது உண்டு. பர்மா, வட கொரியா, மொபுட்டுவின் ஜயர் மாதிரி முதலே காணாமப் போனதும் உண்டு. உங்களுக்கு எது வாய்க்கும்னு முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. தப்பா அமைஞ்சா வெளியேற வழியும் கிடையாது, எக்ஸிட் லோடு கட்டிட்டுக்கூட.

நம்ம நாட்டுலயும் 2016 நவம்பர் 8 ராத்திரி அறிவிப்பு வந்ததே என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. தேர்தலில் ஜெயித்த அரசாங்கமும் நாலு மணி நேர அவகாசத்துல அப்படி ஒரு முடிவை எடுக்க முடியும். ஆனா பழைய நோட்டை வங்கியில் கட்ட டிசம்பர் 30 வரை வழி இருந்தது, பாராளுமன்றத்துல கேள்வி கேட்டாங்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வித்தியாசத்தோட விலை என்னன்னு பர்மாவில் இருந்து வந்த குடும்பங்களைக் கேட்டா சொல்வாங்க.

20 சதவீதம் என்றால் எவ்வளவு?

எண்களுக்கு வருவோம். டேரன் அசெமோக்லு, சுரேஷ் நாயுடு, பாஸ்குவால் ரெஸ்ட்ரெப்போ, ஜேம்ஸ் ராபின்சன் நாலு பேரும் சேர்ந்து 2019ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 1960ல் இருந்து 2010 வரை, 175 நாடுகள். சர்வாதிகாரத்தில் இருந்து ஜனநாயகத்துக்கு மாறிய நாட்டில், மாறாமல் இருந்திருந்தால் வந்திருக்கக்கூடியதைவிட, தனிநபர் வருமானம் 25 வருஷத்துல சுமார் 20 சதவீதம் கூடுதலாக இருக்கும் என்பது அவங்க கண்டது. இவர்களில் அசெமோக்லுவும் ராபின்சனும் 2024ல் சைமன் ஜான்சனோடு சேர்ந்து பொருளாதார நோபல் வாங்கியவர்கள்.

25 வருஷத்துல 20 சதவீதம்னா வருஷத்துக்கு முக்கால் சதவீதத்தைவிடக் கொஞ்சம் கம்மி. இதுக்கா இவ்வளவு பேச்சுன்னு தோணும். மியூச்சுவல் ஃபண்ட்ல ரெகுலர் பிளானுக்கும் டைரக்ட் பிளானுக்கும் உள்ள செலவு வித்தியாசமும் ஏறக்குறைய இதே அளவுதான். அந்த முக்கால் சதவீதத்துக்காக நாம எத்தனை வீடியோ போட்டிருக்கோம்! ஒரு வருஷத்துல கண்ணுக்கே தெரியாது, 25 வருஷத்துல பெரிய தொகையா நிற்கும். ஜனநாயகத்தோட லாபமும் அந்த ரகம்தான். அடுத்த காலாண்டு ஜிடிபியில அதைத் தேடினா கிடைக்காது.

இந்த முடிவை எல்லாப் பொருளாதார அறிஞர்களும் ஏத்துக்கல. ராபர்ட் பாரோ 1990களில் செய்த ஆய்வில், கொஞ்சம் ஜனநாயகம் வளர்ச்சிக்கு உதவும், ஒரு அளவுக்கு மேல போனா லேசா இழுக்கும்னு வந்தது. சீனாவும் கண்ணு முன்னாடி நிற்குது. 1990ல் சீனாவின் தனிநபர் வருமானமும் நம்முடையதும் ஏறத்தாழ ஒண்ணுதான். இன்னைக்கு அவங்களோடது நம்மைப்போல சுமார் அஞ்சு மடங்கு. இதை மறைச்சுப் பேசறதுல அர்த்தமில்ல. ஆனா சீனாவோட சார்ட்டை 1990ல இருந்து மட்டும் போடாதீங்க, 1958ல இருந்து போடுங்க. 1959–61 பஞ்சத்தில் செத்தவங்க எண்ணிக்கை, பொதுவாகச் சொல்லப்படும் குறைந்த மதிப்பீடுகளின்படியே சுமார் ஒன்றரைக் கோடி. விளைச்சல் அமோகம்னு கீழே இருந்து பொய்க்கணக்கு மேல போச்சு. பொய்னு எழுத ஒரு பத்திரிகை இல்ல, கேட்க ஒரு எதிர்க்கட்சி இல்ல. ஒழுங்கா தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் இருக்கிற நாட்டுல பெரும் பஞ்சம் வந்ததே இல்லைன்னு அமர்த்தியா சென் சொன்னது இதனாலதான்.

பஞ்சம்னதும் மறுபடி ராயபுரத்துக்கே வந்துடலாம்.

கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி

ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு இந்தப் பக்கத்துப் பெரியவங்க சொல்ற பெயர் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி'. 1782ல், போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தப்போ, பசியில் வந்தவங்களுக்குக் கஞ்சி ஊத்த ராயபுரத்தில் ஆரம்பிச்ச மணியக்காரர் சத்திரம்தான் அதோட வேர். கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி ஆச்சு, பெயர் மட்டும் ஜனங்க வாயில நின்னுடுச்சு.

அங்கேர்ந்து கொஞ்ச தூரத்துல ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போச்சு. அன்றைய கணக்குப்படி அது பெரிய உள்கட்டமைப்பு வளர்ச்சி. ஃபைனான்ஸ் ஆட்களான நாம அதோட ஒப்பந்தத்தைப் படிக்கணும். பணம் போட்டது இங்கிலாந்து முதலீட்டாளர்கள். ரயில்வே லாபம் ஈட்டினாலும் ஈட்டாவிட்டாலும் அவங்களுக்குச் சுமார் 5 சதவீதம் வட்டி நிச்சயம். லாபம் பத்தலைன்னா மீதியை இந்திய வருவாயில் இருந்து கொடுக்கணும். இன்னைக்கு யாராவது உங்ககிட்ட "ரிட்டர்ன் எனக்கு, ரிஸ்க் உங்களுக்கு" என்று ஒரு ஸ்கீம் கொண்டுவந்தா செபிக்குப் புகார் எழுதுவீங்க. அன்னைக்கு வரி கட்டின குடியானவன் யார்கிட்ட எழுதுறது?

ரயில் வந்து இருபது வருஷத்துல 1876–78 தாது வருஷப் பஞ்சம். மதராஸ் மாகாணத்தை அது உலுக்கி எடுத்தது. ரயிலில் தானியம் வரத்தான் செய்தது, வாங்கக் கையில் காசில்லை. நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் சுமந்தவருக்கு ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம், அதோட கொஞ்சம் சில்லறை. அதே காலத்தில் இந்தியாவில் இருந்து கோதுமை கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. தென்னிந்தியாவும் மேற்கு இந்தியாவும் சேர்த்து அரைக் கோடிக்கும் மேற்பட்டோர் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. துறைமுகம் இருந்தது, தண்டவாளம் இருந்தது, வர்த்தகப் புள்ளிவிவரம் ஏறுமுகமா இருந்தது. முடிவெடுத்தவங்க வேலை மட்டும் பத்திரமா இருந்தது, ஏன்னா செத்தவங்க யாருக்கும் ஓட்டு கிடையாது.

ஒரு அணா சாப்பாடு

இப்ப பக்கத்து ஏரியா, வண்ணாரப்பேட்டை. அங்க வாழ்ந்தவர் பிட்டி தியாகராயர். அவர் சென்னை மாநகராட்சித் தலைவரா இருந்தப்போ, 1920 செப்டம்பர் 16 அன்று மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல். பிறகு இன்னும் சில பள்ளிகளுக்கும் விரிந்தது. பள்ளிச் சேர்க்கை கிட்டத்தட்ட இரட்டிப்பானது.

ஆனா 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. ஆரம்பக் கல்வி நிதியில் இருந்து இந்தச் செலவைச் செய்யக்கூடாதுன்னு அரசு மறுத்துட்டது. எனக்கு இந்தக் கட்டுரையிலேயே முக்கியமாப் படற இடம் இதுதான். நல்ல திட்டம், பலன் கண்ணுக்குத் தெரியுது, செலவும் கம்மி, ஆனாலும் ஒரு நிதிவிதியைக் காட்டி நிறுத்த முடிஞ்சது. அன்னைக்கு ஓட்டு சொத்து வச்சிருந்தவங்களுக்கும் வரி கட்டினவங்களுக்கும்தான். அந்தச் சோத்துக்காகப் பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகளோட அப்பா அம்மாவுக்கு ஓட்டு இல்ல. நிறுத்தினா யாருக்கும் எதுவும் நஷ்டமில்ல.

1956ல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கினப்போ நிலைமை வேற. 1952ல் இருந்து 21 வயசான எல்லாருக்கும் ஓட்டு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமா விரிச்சப்போ, "இது ஓட்டுக்காகப் போடுற சோறு, கஜானா காலியாகும்" என்று படிச்சவங்க பலர் சிரிச்சாங்க. ஓட்டுக்காகத்தான்னே வச்சுக்கோங்க. அதனாலதானே அடுத்து வந்தவரால் நிறுத்த முடியல? கருணாநிதி ஆட்சி 1989ல் முட்டை சேர்த்தது. 2022 செப்டம்பரில் ஸ்டாலின் அரசு காலை உணவைச் சேர்த்தது. ஒருத்தரையொருத்தர் கடுமையா எதிர்த்த கட்சிகள், இந்த ஒரு தட்டுல மட்டும் மேல மேல வச்சுக்கிட்டே போனாங்க. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கச் சமைத்த மதிய உணவு கொடுக்கச் சொன்னது. அந்த இந்திய அளவிலான திட்டத்தைப் பற்றி 2021ல் வந்த ஒரு ஆய்வு, பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்களோட குழந்தைகள்கிட்ட வளர்ச்சிக் குறைபாடு குறைவா இருந்ததைக் காட்டுது. அதாவது டிவிடெண்ட் அடுத்த தலைமுறைக்கும் போகுது.

இது உங்க சம்பளத்தைத் தொடுகிற இடம் எது? 2021–22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் கல்லூரிச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47, அகில இந்திய சராசரி 28.4. நாட்டில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிற பெண்களில் பத்துக்கு நாலு பேர் தமிழ்நாட்டில் இருக்காங்க. கம்பெனிகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வந்ததுக்குத் துறைமுகமும் ரோடும் ஒரு காரணம்னா, படிச்ச ஆள் கிடைச்சது இன்னொரு காரணம். உங்க ஆஃபர் லெட்டருக்குப் பின்னாடி எங்கேயோ ஒரு சத்துணவுக் கூடம் இருக்கு, உங்களோடதோ உங்க அம்மாவோடதோ.

பீகார்லயும் அதே அரசியல் சட்டம், அதே தேர்தல் ஆணையம், அங்க ஏன் இப்படி நடக்கல? ஓட்டு மட்டும் போதாதுங்கிறதுதான் பதில். ஓட்டு வச்சிருக்கிறவங்க எதைக் கேட்கறாங்க என்பது முக்கியம். இங்க சாதிச் சங்கத்தில் இருந்து தொழிற்சங்கம் வரை பள்ளிக்கூடம், இடஒதுக்கீடு, ஆஸ்பத்திரின்னு நூறு வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இது என் கருத்து, வேற விளக்கம் சொல்றவங்களும் உண்டு.

எண்ணூர்ல எங்க தவறியது?

இவ்வளவு சொல்லிட்டு எண்ணூரைச் சொல்லாம விட்டா நேர்மையா இருக்காது. அங்கேயும் ஓட்டு இருக்கு. துறைமுகம், அனல் மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, எல்லா வளர்ச்சியும் இருக்கு. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலியில் இருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. மீனவர்கள் வாளியும் மக்கும் வச்சுக் கையால அள்ளினாங்க. அதே மாசம் 26ஆம் தேதி நள்ளிரவு, ஒரு உர ஆலைக்குப் போகிற கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. பெரியகுப்பம் பக்கத்து ஜனங்க மூச்சுத்திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு இருட்டுல ஓடினாங்க. பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாங்க.

ஜிடிபியில அந்த ஆலைகளோட உற்பத்தி ஏறும். போன மீன், கெட்டுப்போன வலை, நெபுலைசர் செலவு கழியாது. ஆஸ்பத்திரி பில் வேணும்னா ஜிடிபியில கூட்டப்படும்!

ஜனநாயகம் தலையை எண்ணும். மாநிலம் முழுக்கக் கரண்ட் வேணும், சில மீனவக் குப்பங்களோட ஓட்டு எவ்வளவு தேறும்? அதனாலதான் ஐந்து வருஷத்துக்கு ஒரு ஓட்டு பத்தாது, பக்கத்துல ஒரு கவுன்சிலர், பொது விசாரணை, பசுமைத் தீர்ப்பாயம், பத்திரிகை எல்லாம் வேணும். அமோனியா விஷயத்தைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து எடுத்துக்கிட்டது. கவுன்சிலர் விஷயத்துல சென்னையோட பதிவேடு மோசம். 1973 டிசம்பரில் ஊழல் புகாரில் மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது, அடுத்த மன்றம் வந்தது 1996 அக்டோபரில். 23 வருஷம் தேர்ந்தெடுத்த கவுன்சிலரே இல்லாம அதிகாரிகள் நடத்தினாங்க. மறுபடி 2016ல் இருந்து 2022 பிப்ரவரி வரை மன்றம் இல்ல. எண்ணூருக்குன்னு இருந்த கத்திவாக்கம் நகராட்சியும் 2011ல் சென்னையோட கரைஞ்சு போச்சு. கேன்டீன் நண்பர் கேட்ட மாதிரி எலெக்‌ஷன் தொல்லை இல்லாத நிர்வாகம், இதே சென்னையில 23 வருஷம் நடந்தது. ராயபுரம், தண்டையார்பேட்டைக் குழாய்ல தண்ணி எப்படி வந்துச்சுன்னு அந்தக் காலத்துல இங்க குடியிருந்த யாரையாவது கேளுங்க, ஷாங்காய் மாதிரி இருந்ததான்னு.

சரி, எஸ்ஐபி?

ஒவ்வொரு தேர்தலுக்கும் வர்ற கேள்வி: "ரிசல்ட்டுக்கு முன்னாடி எஸ்ஐபியை நிறுத்தட்டுமா?" 2004 மே 17ல், எதிர்பாராத தேர்தல் முடிவுக்கு அப்புறம், சென்செக்ஸ் ஒரே நாளில் 11 சதவீதம் விழுந்து 4,505ல் முடிந்தது. வர்த்தகத்தையே இரண்டு தடவை நிறுத்தினாங்க. 2008 ஜனவரியில் அதே சென்செக்ஸ் 21,000ஐத் தொட்டது. 2024 ஜூன் 4ல் 4,390 புள்ளி விழுந்தது, மூணே நாள்ல ஜூன் 7 அன்று புது உச்சத்தில் முடிந்தது. அன்னைக்குப் பயந்து வித்தவங்க மூணு நாள் ஆட்டத்துக்காக 25 வருஷக் கணக்கைக் கலைச்சாங்க.

எந்தக் கட்சி ஜெயிச்சதுன்னு பார்த்து போர்ட்ஃபோலியோவை மாத்தாதீங்க. தோத்தவர் கிளம்பிப் போறாரா, புள்ளிவிவரங்கள் நேரத்துக்கு வெளிவருதா, கோர்ட்டும் ரிசர்வ் வங்கியும் அவங்க வேலையைச் செய்யுதான்னு பாருங்க. அதுல எங்கேயாவது விரிசல் வந்தா அப்ப உட்கார்ந்து பேசலாம். பக்கத்துலயே இலங்கை இருக்கு. 2021ல் ரசாயன உர இறக்குமதிக்குத் திடீர்த் தடை, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியலைன்னு அறிவிப்பு. அந்தக் கணக்கைத் தனி வீடியோவா போடறோம்.

அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை. வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்து உங்க வார்டு எண்ணைப் பாருங்க. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட கேளுங்க. கவுன்சிலர் பெயரைக் கண்டுபிடிச்சு, தெருவுல கழிவுநீர் நிக்கிறதோ குழாய்ல தண்ணி வராததோ, ஏதாவது ஒரு புகாரை எழுத்துல கொடுத்து, எத்தனை நாள்ல பதில் வருதுன்னு குறிச்சு வைங்க.